உங்க வீட்லயும் கரண்ட் போச்சா?

அக்கம்பக்கப் பழக்கம் குறைந்துபோனது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் வாழ்கிறோம் என்று கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவும் 2019 கோடை வரை அப்படித்தான். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எனச் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரியும் காய்ந்து கிடந்த வருடம் அது. "உங்க போர்ல தண்ணி வருதா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டதுதான் முதல் பேச்சு. அதற்கு முன் ஆறு வருடம் வெறும் தலையாட்டல்! தண்ணீர் லாரி ராத்திரி ஒரு மணிக்கும் வரும், மூன்று மணிக்கும் வரும். முதலில் சத்தம் கேட்டவர் மற்ற வீட்டு கேட்டைத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நைட்டி மேல் துண்டு, தூக்கிக் கட்டிய லுங்கி, பாதித் தூக்கம்... அந்தக் கோலத்தில் பார்த்துக்கொண்ட பிறகு என்ன கூச்சம்? அப்போது மாறிப்போன எதிர்வீட்டு நீலக் குடம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

இப்போது கரண்ட் போனால், "உங்களுக்கும் போச்சா, எங்களுக்கு மட்டும்தானா?" என்று மாடியிலிருந்து குரல் வரும். குப்பை வண்டி வந்ததா, நல்ல பிளம்பர் யார் என்று ஏதாவது ஒன்று. பதில் தெரிந்தே கேட்பவர்களும் உண்டு, நானும்தான்.

ஒன்றில் மட்டும் கட்டுரையாளரோடு உடன்பாடு இல்லை. அக்கம்பக்கம் பழகத் தெருவுக்குத் தெரு விழா நடத்தச் சொல்கிறார். சரி, எங்கள் தெருவில் முதல் சண்டையே பொங்கல் விழா வசூலில்தான் வந்தது.