எடுத்த பாட்டைப் பாடி முடியுங்கள்

சனிக்கிழமை கொழும்பில் நடந்த சினிமாப் பாட்டு நிகழ்ச்சியில் பாட்டுகளைப் பாதியில் வெட்டிவிட்டார்கள் என்று நான் இங்கே எழுதிய நாலு வரிக்கு இவ்வளவு பேர் கோபப்படுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. "பாட்டுப் பட்டியலைப் பிடிச்சுக்கொண்டு அழாமல், வந்தமா, ரசிச்சமா, போனமா என்று இருங்கோ அக்கா" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வரிசையாக இதயம். இன்னொருவர் என் வயதை இழுத்து, உங்களுக்கெல்லாம் யூடியூப் போதும் என்கிறார். அவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. தம்பிக்குத்தான் சொல்ல வேண்டும். அவர் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. எடுத்த பாட்டைப் பாடி முடியுங்கள். எனக்குப் பிடித்த பாட்டைப் பாடு என்று நான் கேட்கவில்லை. பழையதை மட்டும் பாடு என்றும் கேட்கவில்லை. எது வேண்டுமானாலும் பாடுங்கள், தொடங்கியதை முடியுங்கள்.

அன்றைக்குப் போகாதவர்களுக்காக ஒரு வரி: நிகழ்ச்சியின் நடுப்பகுதி முழுக்க மெட்லி. ஒரு பல்லவி, கைதட்டல், உடனே அடுத்த பல்லவி. ஒரு சினிமாப் பாட்டு என்றால் பல்லவி, இடையிசை, சரணம், திரும்பவும் இடையிசை, இன்னொரு சரணம் என்று நாலைந்து நிமிடத்துக்குள் ஒரு முழுப் பயணம் இருக்கிறது. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள், முதலாவது இடையிசையும் இரண்டாவதும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும், இரண்டாவதில் புல்லாங்குழலோ வயலின்களோ எங்கேயோ போய்விட்டுச் சரணத்தின் வாசலில் வந்து நிற்கும். மெட்லியில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். மேடையில் ஒரு வரிசை வயலின்காரர்கள் இருந்தார்கள், புல்லாங்குழல்காரர் இருந்தார், அரைவாசி நேரம் அவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு கலைஞர்களை விமானம் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்து, வாசிக்க விடாமல் உட்கார வைத்திருப்பது அவர்களுக்குச் செய்கிற அநியாயமும்தான். கலியாண வீட்டில் இலை போட்டு, சோறு வைத்து, கறி வரமுதல் இலையை எடுத்துக்கொண்டு போனால் அதைப் பந்தி என்று சொல்வீர்களா?

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவருக்கு முழங்கால் வருத்தம், கொழும்பில் நாங்கள் இருக்கிற கொட்டாஞ்சேனையை விட்டு வெளியே வருவதே கோயிலுக்கும் டொக்டரிடமும்தான். தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுசி, இந்த நிகழ்ச்சிக்கு மட்டும் "என்னையும் கூட்டிக்கொண்டு போறியா" என்று கேட்டார். அவர் காத்திருந்தது ஒரு பாட்டுக்காக. எது என்று எழுத மாட்டேன், எழுதினால் கதை அந்தப் பாட்டு நல்லதா இல்லையா என்று போய்விடும். அந்தப் பாட்டு மெட்லியில்தான் வந்தது. தொடக்க இசையிலேயே அம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல்லவி முடிந்தது, சரணம் வரவேண்டிய இடத்தில் டிரம்ஸ் அடித்து வேறு பாட்டு. சனம் எழும்பி ஆடியது. அம்மா என் கையைப் பிடித்து, "மிச்சத்தைப் பிறகு பாடுவினமோ?" என்று கேட்டார். நான் ஓமென்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? கால் வலிக்கிறது, நேரத்தோடு போவோம் என்று இடைவேளையில் சொன்னவர், அந்த மிச்சத்துக்காகக் கடைசிவரைக்கும் இருந்தார்.

இப்போது சொல்லுங்கள் தம்பி, அம்மா எதை ரசித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்?

பாட்டுக் கேட்பது, அதாவது இந்தப் பாட்டை எனக்குப் போடுங்கள் என்று விரும்பிக் கேட்பது, இந்த ஊரில் ஏதோ நேற்று வந்த பழக்கம் மாதிரிப் பேசுகிறீர்கள். இதே கொழும்பில் 1925 இல் வானொலி தொடங்கியது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கடலுக்கு அந்தப் பக்கம் மதுரையிலும் திருச்சியிலும் இருந்து கேட்டார்கள், தபாலட்டை போட்டார்கள். நேயர் விருப்பத்தில் பெயரும் ஊரும் வாசித்து, அதற்குப் பிறகு பாட்டு. அம்மாவும் தபாலட்டை போட்ட ஆள். அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவின் குரலையும் அப்துல் ஹமீதின் குரலையும் பாட்டுக்குச் சமமாக ரசித்த தலைமுறை அது. விருப்பத்தைச் சொல்கிறவரை யாரும் அன்றைக்கு "போட்டதைக் கேள்" என்று அதட்டவில்லை. அந்த விருப்பங்களால்தான் அந்த வானொலி அவ்வளவு பெரிதாக வளர்ந்தது. கேட்பவரும் நிகழ்ச்சியில் ஒரு பங்கு என்று நினைத்த ஊர் இது, அதை ஏன் இப்போது மறக்கச் சொல்கிறீர்கள்?

கர்நாடக இசைப் பக்கம் போனாலும் அப்படித்தான். பழைய காலத்துப் பெரிய பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரி ஒழுங்கில் வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள் என்று எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. எதை எங்கே வைப்பது என்பதே ஒரு கலை என்று அந்த மனிதர் யோசித்திருக்கிறார். துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதி மேடைக்கு அனுப்புகிற ரசிகர்களும் அங்கே காலங்காலமாக இருக்கிறார்கள். வித்துவான் பாடலாம், பாடாமல் விடலாம். சீட்டு அனுப்பியவரை எழும்பிப் போ என்று யாரும் சொல்வதில்லை. சரணத்துக்கு முன்னால் வருகிற அனுபல்லவியோடு கீர்த்தனையை நிறுத்திவிட்டு அடுத்ததற்குத் தாவினால் அந்தச் சபை சும்மா இருக்குமா?

"அப்படியென்றால் நீங்களும் லண்டன்காரர்கள் மாதிரித்தான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். 2017 ஜூலையில் வெம்ப்ளியில் ஏ. ஆர். ரஹ்மானின் நிகழ்ச்சியில் தமிழ்ப் பாட்டு அதிகம் என்று ஒரு கூட்டம் எழும்பிப் போனதைச் சொல்கிறார். நிகழ்ச்சியின் பெயரே தமிழில்தான், "நேற்று இன்று நாளை". அன்றைக்கு நான் ரஹ்மானின் பக்கம், இன்றைக்கும் அந்தப் பக்கம்தான். 1992 இல் ரோஜாவோடு வந்த மனிதர் தன் மொழியில் பாடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் போனது பாடியது பிடிக்காமல். நான் எழுதியது பாடாமல் விட்டதைப் பற்றி. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்ததை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் ஒரு நிமிடமும் எழும்பிப் போகவில்லை. கை தட்டினேன். கேட்டிராத இரண்டு புதுப் பாட்டுகளையும் விரும்பித்தான் கேட்டேன், அவற்றையும் முழுசாகப் பாடியிருந்தால் இன்னும் விரும்பியிருப்பேன்.

கலைஞருக்குச் சுதந்திரம் இல்லையா என்றால், இருக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

பாடகருக்கு வயதாகிவிட்டது, குரல் தாங்காது என்றால் சுருதியை இறக்கிப் பாடட்டும், பத்துப் பாட்டைக் குறைக்கட்டும். குறையச் சொல்லித்தானே நானும் கேட்கிறேன்!

நேரம் போதாது என்பதை மட்டும் என்னால் பொறுக்கவே முடியவில்லை. ஆறரைக்கு என்று போட்டு, எட்டு மணியாகியும் பெரிய பாடகரின் முதல் பாட்டு வரவில்லை. மங்கல விளக்கேற்றினார்கள், சரி, அது நம் வழக்கம். அதற்குப் பிறகு அனுசரணையாளர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு, பொன்னாடை, நினைவுச் சின்னம், படம் எடுக்க நிற்பது, அவர் பேச இவர் பேச. அந்தப் பேச்சில் ஒன்றைக்கூட மெட்லி ஆக்கவில்லை. எல்லோரும் முழுசாகப் பேசினார்கள். அந்த நேரத்தில் எத்தனை சரணம் பாடியிருக்கலாம்! இரண்டு டிக்கட்டுக்கு நான் கொடுத்த காசு, இந்த விலைவாசியில் வீட்டின் அந்த மாதக் கணக்கையே குழப்பியது. 2022 நெருக்கடியில் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற சனம்தான் இப்போது காசு சேர்த்துப் பாட்டுக் கேட்க வருகிறது. எங்களைப் பார்த்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு போ என்று சொல்லாதீர்கள். போதும், அதை வேறு எல்லா இடத்திலும் கேட்டுவிட்டோம்.

எழுத வந்தது மெட்லி பற்றித்தான். ஆனால் இதையும் சொல்லாமல் விட மனமில்லை. வெளியிலிருந்து வருகிற அனேகமானவர்கள் எங்களைச் சந்தோசப்படுத்த "சுராங்கனி" இரண்டு வரி பாடுவார்கள், அன்றைக்கும் பாடினார்கள், அரங்கம் அதிர்ந்தது. அது எங்கள் இலங்கைப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் பாடி ஊரெல்லாம் பரவிய பாட்டு என்று ஒரு சொல் சொன்னார்களா? 2018 இல் சென்னையில் காலமானார் அந்த மனிதர். அவரும் நித்தி கனகரத்தினமும் இன்னும் எத்தனையோ பேரும் இந்தத் தீவில் கிற்றாரோடு தமிழ் பொப் பாடி ஒரு காலத்தையே ஆட வைத்தார்கள். அந்த இசைக்கு இரண்டு வரிதான் மரியாதையா?

அதைவிட மோசம் தொடக்கத்தில் நடந்தது. எங்கள் பிள்ளைகள், இந்தக் கொழும்பில் பகலில் வேலைக்குப் போய் இரவில் ஒத்திகை பார்க்கிற பிள்ளைகள், அரங்கம் பாதியும் நிரம்பாத நேரத்தில் மேடை ஏறினார்கள். சொந்தமாக இசையமைத்த பாட்டு. குரல் ஒலிவாங்கியில் சரியாக வரவில்லை, அந்தப் பிள்ளை கையைக் காட்டிக் காட்டிக் கேட்கிறாள், சரிசெய்ய ஆள் இல்லை. ஒலிச்சோதனைக்கு அவர்களுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை என்று பிறகு அறிந்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் அறிவிப்பாளர் வந்து நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். நடுவில்! அந்தப் பிள்ளைகள் சிரித்தபடியே வயர்களைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய பாடகரின் பாட்டை வெட்டினால் பதிவு போடவாவது நான் இருக்கிறேன். இவர்களுடைய பாட்டை வெட்டினால் கேட்க யார் இருக்கிறார்கள்?

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், அனுப்ப முதல் உங்களுக்கும் காட்டுகிறேன். மெட்லி பற்றியும் பேச்சுகள் பற்றியும் அதில் இருக்கும். ஆனால் அவை கீழே வரும். மேலே எழுதியிருப்பது உள்ளூர்க் குழுக்களுக்கு ஒலிச்சோதனை நேரம் கொடுக்க வேண்டும், அரங்கம் நிரம்பிய பிறகு அவர்களை ஏற்ற வேண்டும் என்பது.