பிரமிடு கல்லறைதான்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ வந்தது. எகிப்தின் எந்தப் பிரமிடிலும் மம்மி கிடைக்கவில்லை, அதனால் அது கல்லறையே இல்லை, மின்சாரம் தயாரித்த இடம் என்று ஒருவர் அடித்துப் பேசுகிறார். அதற்குக் கீழே என் சித்தப்பா கேட்டிருந்தார்: "ஒரே ஒரு பிணத்தை வைக்கவா இத்தனை லட்சம் கல்லை அடுக்கியிருப்பார்கள்?" வீடியோவை மறந்துவிட்டேன். சித்தப்பாவின் கேள்வியை மறக்க முடியவில்லை. நியாயமான கேள்வி அது.

முதலில் மம்மி விஷயத்தை முடித்துவிடுகிறேன். கிடைக்கவே இல்லை என்பது தவறு. அபுசிரில் நெஃபெரெஃப்ரே என்ற அரசனின் அரைகுறையாக நின்றுபோன பிரமிடுக்குள் மம்மியின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. மற்ற உடல்களுக்கு என்ன நடந்திருக்கும் என்பதற்குத் திருடர்களின் வாக்குமூலமே இருக்கிறது. கி.மு. 1110 வாக்கில், ஒன்பதாம் ராம்சேஸ் ஆட்சியில், தீப்ஸ் நகரில் ஒரு கும்பல் பிடிபட்டது. சொபெகெம்சாஃப் என்ற பழைய அரசனின் பிரமிடுக்குள் துளைபோட்டு நுழைந்து, உடலில் இருந்த தங்கத்தையெல்லாம் உரித்து எடுத்துவிட்டுச் சவப்பெட்டிகளைக் கொளுத்தினோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டது பாப்பிரஸில், அதாவது நாணல் தாளில், பதிவாகியிருக்கிறது. கீசாவின் மிகப் பெரிய பிரமிடுக்குள், அதைக் கட்டிய அரசன் குஃபுவின் அறையில் கிரானைட் சவப்பெட்டி இன்றும் இருக்கிறது, மூடி மட்டும் இல்லை. அந்த அறைக்கு ஏறிச்செல்லும் பாதையைவிட அந்தப் பெட்டி அகலமானது. கட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வைத்துவிட்டு, மேற்கொண்டு கட்டியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

சரி, சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நாம் பிணம் என்கிறோம். அவர்கள் அப்படி நினைக்கவில்லை. சக்காராவில் உனாஸ் என்ற அரசனின் பிரமிடு இருக்கிறது, கி.மு. 2350 வாக்கில் கட்டியது. உள்ளே சுவர் முழுக்க மந்திரங்கள். "நீ இறந்து போகவில்லை, உயிரோடு போயிருக்கிறாய்" என்று அரசனைப் பார்த்துச் சொல்கிறது ஒரு வரி. வானத்துக்கு ஏறிப்போக அவனுக்குப் படிக்கட்டு அமைத்திருப்பதாக இன்னொரு மந்திரம். அதே சக்காராவில், அதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பு ஜோசெர் அரசனுக்கு எழுந்த முதல் பிரமிடு ஆறு அடுக்குப் படிக்கட்டாகவே நிற்கிறது. அதுவரை அரசர்களைப் புதைத்த இடங்களில் செங்கல்தான் பிரதானம். கல்லை அடுக்கி வானத்தை நோக்கி ஏறியது அங்கேதான். பிறகு குஃபுவின் அப்பா ஸ்னெஃப்ரு பெரிய பிரமிடுகளாக மூன்று கட்டினார். அதில் ஒன்றுக்குப் பாதி உயரத்தில் சாய்வையே மாற்ற வேண்டியிருந்தது. கீசா பிரமிடு திடீரென்று முளைத்ததல்ல, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்த இடம்.

அப்புறம், நாம் படத்தில் பார்க்கிற முக்கோணம் முழு பிரமிடு அல்ல. ஒட்டினாற்போல ஒரு கோயில், அங்கிருந்து நைல் வெள்ளம் எட்டும் எல்லை வரை இறங்கும் ஒரு கல்பாதை, அதன் முடிவில் இன்னொரு கோயில், பக்கத்தில் பூசாரிகளும் பணியாளர்களும் குடியிருக்கும் ஊர், இதற்கெல்லாம் கோதுமையும் பார்லியும் அனுப்பும் மானிய நிலங்கள். எல்லாம் சேர்ந்ததுதான் அரசனின் கல்லறை. அவனுடைய 'கா', அதாவது உயிராற்றல், தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்பது நம்பிக்கை. அடக்கம் செய்த அன்றோடு வேலை முடிவதில்லை, அன்றுதான் ஆரம்பம்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று அபுசிர் பாப்பிரஸ்கள். நெஃபெரிர்காரே என்ற அரசன் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தும் அவனுடைய கோயிலில் யாருக்கு எந்த நேரம் முறை, எவ்வளவு ரொட்டி வந்தது, இறைச்சி வந்தது, எந்தப் பாத்திரம் உடைந்திருக்கிறது, எது ஒட்டுப்போட்டது என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அரசன் முன் வைத்த படையல் பிறகு அந்தப் பூசாரிகளுக்கும் பணியாளர்களுக்கும் பங்காகப் போனது. பல வீடுகளில் அடுப்பு எரிந்தது ஒரு கல்லறையை நம்பித்தான். ஸ்னெஃப்ரு இறந்து ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பிறகு, முதலாம் பெப்பி என்ற அரசன் ஸ்னெஃப்ருவின் பிரமிடு ஊர்க்காரர்களுக்கு வரியும் கட்டாய வேலையும் இல்லை என்று ஆணையிட்ட கல்வெட்டு தாஷூரில் கிடைத்தது. இப்படி ஒரு ஏற்பாட்டை மின்சார நிலையத்துக்கு யார் செய்வார்கள்?

இதை நான் புகழ்ந்து எழுதவில்லை. ஒரு மனிதனின் மறுவாழ்வுக்காக நாடே கல் சுமந்தது என்பது எனக்கு உறுத்துகிறது. ஆனால் சவுக்கடி வாங்கிய அடிமைக்கூட்டம் என்று நாம் கற்பனை செய்துவைத்திருப்பதும் சரியில்லை. 2013இல் செங்கடல் ஓரம் வாடி அல்-ஜர்ஃபில் மெரெர் என்பவரின் நாட்குறிப்பு கிடைத்தது. சுமார் 40 பேரோடு துரா என்ற இடத்தின் கல்குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி கீசாவுக்குக் கொண்டுபோன கணக்கு அது, குஃபுவின் கடைசிக் காலத்தில் எழுதியது. படகு எங்கே தங்கியது, எப்போது கிளம்பியது என்று ஒவ்வொரு நாளாகக் குறித்திருக்கிறார். கிட்டத்தட்ட 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வேலைக்காரரின் கையெழுத்து அது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் பிரமிடைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகள் என்று கதை சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த மனிதர்களிடமிருந்து அவர்களுடைய உழைப்பையே பிடுங்குகிற பேச்சு அது.

1990இல் கீசாவில் ஒரு குதிரை இடறியதால் வெளிவந்தது தொழிலாளர்களின் இடுகாடு. பிரமிடுகளுக்குத் தெற்கே, மேட்டு நிலத்தில். முறிந்த எலும்பைக் கட்டுப்போட்டுக் குணமாக்கிய தடயம் உள்ள எலும்புக்கூடுகள் அங்கே இருந்தன. கல் இழுத்த மனிதர்கள் தங்களுக்கும் செங்கல்லில், மிச்சக் கல்லில் சின்னச் சின்னக் கல்லறைகள் கட்டியிருக்கிறார்கள். சிலது குட்டிப் பிரமிடு வடிவில். உள்ளே ரொட்டிக்கும் பீருக்குமான மண்பாண்டங்கள்.