பெட்டிச் சாவி யாரிடம்?

குடியாத்தம் பக்கத்தில் என் பெரியப்பா ஒரு கூத்து ஜமா வைத்திருந்தார். தனக்குப் பிறகு யார் வாத்தியார் என்று கடைசிவரை வாயே திறக்கவில்லை. அவர் போன மறுவருடம் ஜமா இரண்டானது. கிரீடமும் புஜக்கட்டையும் இருந்த பெட்டி மகனிடம். பாட்டு, அடவு, மிருதங்கக்காரர் எல்லாம் மூத்த சீடரிடம். அதுகூடப் பரவாயில்லை. கூத்து பேச வந்த ஊர்க்காரர்கள் தாம்பூலத்தை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்களே, அதுதான் சங்கடம்.

"பிடிக்கலைன்னா ஃபோர்க் பண்ணிக்கோ (பிரதியெடுத்துத் தனியா நடத்திக்கோ), நிரல்தான் திறந்து கிடக்கே" என்று, மென்பொருள் நிரலை எல்லாருக்கும் திறந்துவைக்கும் ஓப்பன் சோர்ஸ் நண்பர்கள் சுலபமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாம்பூலத் தட்டுதான் ஞாபகம் வரும். நிரல் பொது, சரி. பெயரும் இணைய முகவரியும் பொதுவா? ஓப்பன் ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் ஆட்கள் பலர், அதைக் கையில் வைத்திருந்த ஆரக்கிள் நிறுவனத்தோடு ஒத்துப்போகாமல் 2010-ல் வெளியேறி, அதே நிரலை எடுத்து லிப்ரே ஆபிஸ் தொடங்கினார்கள். ஆட்கள் வந்தார்கள், பெயர் வரவில்லை. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் இன்னும் பழைய பெயரைத்தான் தேடி இறக்குகிறார்.

பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018 ஜூலையில் ஒதுங்கினார். ஒரு சின்னக் குறியீட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நடந்த சண்டையில் மனிதர் சலித்துப்போனார். வாரிசு என்று யாரையும் காட்டவில்லை. நீங்களே பேசி முடிவெடுங்கள் என்று விட்டுவிட்டார். மாதக்கணக்கில் பேசி, ஓட்டுப் போட்டு, 2019-ல் ஐந்து பேர் கொண்ட குழு அமைத்தார்கள். அந்த ஐவரில் கைடோவும் ஒருவர்! அடுத்த தேர்தலில் விலகிக்கொண்டார். எனக்குப் பிடித்தது இதுதான். வாத்தியார் இறங்கி வந்து ஒரு வருடம் பின்பாட்டுப் பாடிவிட்டுப் போன மாதிரி.

எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவியை லாஸ்ஸே காலின் சம்பளமில்லாமல், கிட்டத்தட்டத் தனியாளாகப் பார்த்துவந்தார். மனநலம் சரியில்லை என்று அவரே எழுதியும், "வேறு ஆளிடம் கொடு" என்று நச்சரித்தார்கள். பொறுமையாக உதவிசெய்துவந்த ஜியா டான் என்பவரிடம் பொறுப்பு போனது. 2024-ல் அந்தப் பெயரில்தான் பின்கதவு, அதாவது வெளியாள் கணினிக்குள் திருட்டுத்தனமாகப் புகும் வழி, கருவிக்குள் நுழைந்தது. கணினிக்குள் உள்நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் குடைந்து பார்த்திருக்காவிட்டால் எங்கே போய் நின்றிருக்குமோ. இதில் காலினைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நச்சரித்தவர்களைத்தான் சொல்வேன்.

நானும் காட்பாடியில் உட்கார்ந்து, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை, இன்று எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடாக்கும் சின்னக் கருவி ஒன்றைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். பாஸ்வேர்டு எல்லாம் என் தலைக்குள் மட்டும். பெரியப்பா ரத்தம்தானே! போன வருடம் ஆம்பூர் தம்பி ஒருவர் சின்னச் சின்னத் திருத்தம் அனுப்ப ஆரம்பித்தார். நேரில் வரச்சொல்லி, டீ குடித்து, மெதுவாக எல்லாச் சாவியிலும் ஒரு பிரதி கொடுத்தேன்.

போன வாரம், மாற்றும்போது கொம்பு (ெ) இடம் மாறும் சிக்கலுக்கு நான் அனுப்பிய திருத்தத்தையே அவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரம் கோபம். அப்புறம் ஓட்டிப் பார்த்தேன். "கொ" உடைந்துதான் வந்தது.