சுவத்துல கம்ப்யூட்டர் வெச்சா மட்டும் போதாதுங்க

"டெல்லி ஸ்லம்ல சுவத்துல கம்ப்யூட்டர் வெச்சாங்க, டீச்சரே இல்லாம பசங்க எல்லாத்தையும் கத்துக்கிட்டாங்க"ன்னு உங்க பதிவுல போட்டிருக்கீங்களே சார், அது பாதிதான் உண்மை. 1999ல டெல்லி கல்காஜில, என்ஐஐடிங்கிற கம்ப்யூட்டர் பயிற்சி கம்பெனி ஆபீஸ் சுவத்துல, அங்க வேலை பாத்த விஞ்ஞானி சுகதா மித்ரா கம்ப்யூட்டர் வெச்சது நிஜம், பசங்க தானாவே மவுஸ் பிடிச்சு பிரவுஸ் பண்ணக் கத்துக்கிட்டதும் நிஜம். ஆனா அப்புறம் டெல்லி அரசோட சேர்ந்து வெச்ச கியோஸ்க்கை, அதாவது பொது இடத்துல இருக்கிற கம்ப்யூட்டர் கூண்டை, மார்க் வார்ஷாவர்னு ஒரு ஆராய்ச்சியாளர் நேர்ல பாத்துட்டு எழுதினாரு, நெட் பெரும்பாலும் ஓடல, இந்தியில ஒண்ணும் இல்ல, பசங்க கேமும் பெயிண்டும்தான் ஓட்டினாங்கன்னு. நான் இங்க டெல்லில நம்ம தமிழ்ப் பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை சொல்லித்தரேன், ஒரே கம்ப்யூட்டர்னா பெரிய பையன் மவுஸை விடவே மாட்டான், பொண்ணுங்க பின்னாடி நின்னு எட்டி எட்டிப் பாக்கும். பக்கத்துல உக்காந்து காட்டினப்புறம்தான் போன வாரம் ஒரு பொண்ணு தன் பேரைத் தமிழ்ல டைப் பண்ணுச்சு, ஸ்கிரீனைத் தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு. டீச்சர் வேண்டாம்னு மட்டும் தயவுசெஞ்சு எழுதாதீங்க சார்