பாலத்துக் காவல் தூதர் படம்: புளொக்ஹோர்ஸ்ட் வரைந்ததல்ல

உடைந்த மரப்பாலத்தில் இரு குழந்தைகள், பின்னால் அவர்களைக் காக்கும் கிறிஸ்தவக் காவல் தூதர். இதை 1886-இல் ஜெர்மன் ஓவியர் பெர்ன்ஹார்ட் புளொக்ஹோர்ஸ்ட் வரைந்தார் எனப் பகிர்கிறார்கள். தவறு. அவர் வரைந்த காவல் தூதர் படம் வேறு; அதில் பாலமே கிடையாது. குழந்தைகள் நிற்பது பள்ளத்தின் விளிம்பில். பாலத்துப் படத்தை லிண்ட்பெர்க் என்ற ஓவியர் பெயரிலும் விற்கிறார்கள். விற்பவர் எழுதிய பெயர் சான்றாகாது. அன்றைய வண்ணக் கல்லச்சுக்காரர்கள் (கல்லில் வரைந்து வண்ணப் படம் அச்சிட்டவர்கள்) ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்து, பல நேரம் ஓவியர் பெயரே இல்லாமல் விற்றார்கள். குழப்பத்தின் வேர் இதுதான்.

உங்களிடம் பழைய பிரதி இருந்தால் சட்டத்தைக் கழற்றி, கீழ் ஓரத்தைப் பாருங்கள். பதிப்பகப் பெயர், எண் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சட்டம் போட்டவர் அதை வெட்டியிருந்தால் முக்கியமான தடயமே போயிற்று. பிறகு 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் படத்தைப் பாருங்கள்: ஒழுங்கற்ற புள்ளிகள் என்றால் கல்லச்சு, சீராக அடுக்கிய புள்ளிகள் என்றால் பிற்கால ஆஃப்செட் (இயந்திர அச்சு) மறுபதிப்பு.