குப்புசாமின்னா என்ன அப்படி சிரிப்பு?

ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன் கூத்து எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் சுத்திடுச்சு. மேடையில எங்க அண்ணன் பேர சொன்னதும் "குப்புசாமியா? குப்பை வண்டிய வெளிய நிறுத்திட்டீங்களா?"ன்னு மைக் புடிச்ச தம்பி கேட்டுச்சு. அத விடுங்க, கூலிக்கு பேசுற புள்ள. கூட சேந்து சிரிச்ச சொந்தக்காரங்க மேலதான் எனக்கு ஆத்திரம்.

அது எங்க தாத்தா பேரு. போன நூற்றாண்டு தொடக்கத்துல நம்ம நாட்டுல 1000 புள்ள பொறந்தா ஏறக்குறைய 200 புள்ள ஒரு வயசு தாண்டாது. வரிசையா பறிகொடுத்தவ அடுத்தது பொறந்ததும் குப்பைமேட்டுல போட்டு எடுப்பா, இல்ல பக்கத்து வீட்டுல குடுத்துட்டு தவிட்டுக்கு திரும்ப வாங்குவா, எமன் இது எதுக்கும் ஒதவாதுன்னு விட்டுட்டு போகட்டும்னு. குப்புசாமி, குப்பம்மா, பிச்சை, மூக்கன் எல்லாம் இப்படி வந்ததுதான். தாத்தாவுக்கு மூக்கும் குத்தியிருந்தாங்க, தூந்துபோன ஓட்டை பொடி போடும்போது மட்டும் கறுப்பா தெரியும். புள்ள பொழைக்கணும்னு வச்ச பேருங்க, சிரிக்க வச்சது இல்ல.

அப்புறம் குப்பைன்னா உங்களுக்கு டயப்பரும் கேரி பேக்கும். எங்களுக்கு எரு. ஜூன் 12 மேட்டூர் தொறக்குறதுக்கு முன்னாடியே வயலுக்கு வண்டி வண்டியா குப்பை அடிச்ச ஊருய்யா இது.

"கீழ்ப்படுத்த வச்ச பேரு"ன்னு ஒருத்தர் வருவாரு. பண்ணையில 'சாமி'ய வெட்டிட்டு குப்பான்னு கூப்பிட்டாங்க, ஆமா. அது கூப்பிட்டவன் திமிரு, பேரு என்ன பண்ணும்? கணபதி அக்ரஹாரத்துல 1880ல பொறந்த சமஸ்கிருத பண்டிதர் மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரி பேர்ல மயிலாப்பூர்ல ஆராய்ச்சி நிறுவனமே இருக்கு. புஷ்பவனம் குப்புசாமி பாடுனா கை தட்டுறீங்க, அப்ப குப்பை வண்டி ஞாபகம் வரலயா? மூடநம்பிக்கையாம். நியூமராலஜிக்கு காசு அழுது பேர்ல ரெண்டு ஏ சேத்தவங்கல்லாம் பேசாதீங்க ப்ளீஸ்.

அண்ணன் சிரிச்சுகிட்டேதான் எறங்குனாரு, ஆனா பந்தியில உக்காரல. யாராச்சும் கவனிச்சீங்களா? பத்திரிகையிலயே அவர "கே. சாமி" ஆக்கிட்டீங்க, கேட்டா டிசைன்ல இடம் பத்தலையாம். மாப்ளயோட டிகிரி, கம்பெனி, கம்பெனி இருக்குற நாடு வரைக்கும் போட இடம் இருந்துச்சு. தை மாசம் காதுகுத்துக்கு பத்திரிகை அடிக்கிறீங்களாமே, குப்புசாமின்னு முழுசா இல்லன்னா என் வீட்டு வாசப்படி ஏறாதீங்க, மொய்யும் கெடையாது.