லமினேற் செய்தால் போஸ்டரின் விலை கூடுமா?

கிளிநொச்சி, வவுனியாப் பக்க வட்சப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “வார்ஹோல், லிக்டென்ஸ்டைன் கண்காட்சிப் போஸ்டர் கிடைத்தால் உடனே லமினேற் செய்யுங்கள். மாரி ஈரம் அண்டாது, விலையும் இரட்டிப்பாகும். கையெழுத்து இருந்தால் அசல்தான்.” (இருவரும் விளம்பரம், கொமிக் படங்களைக் கலையாக்கிய அமெரிக்க ஓவியர்கள்.)

விலை கூடாது, விழும். லமினேற் மெஷின் 100 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் பசையை உருக்கிக் கடதாசி நாருக்குள் இறக்குகிறது. பிறகு பிரிக்கப்போனால் மையும் சேர்ந்து உரியும். சில்க்ஸ்கிரீன் அச்சில் (வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அடிப்பது) மை தடிப்பாக மேலே நிற்கும். சேகரிப்போர் தேடுவதே அதைத்தான். பிளாஸ்ரிக்குக்குக் கீழே அது தெரியாது. விளிம்பு கொஞ்சம் பிரிந்தாலே ஈரம் உள்ளே போய்ப் பூஞ்சணம் பிடிக்கும்.

மாரியைப் பற்றிய பயம் மட்டும் நியாயம். அமிலமற்ற மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடி போஸ்டரில் முட்டாதபடி சட்டம் போடுங்கள். செலோரேப் வேண்டாம், பழுப்புக் கறை போகவே போகாது. வெயில் படாத உள்சுவரில் தொங்கவிட்டு, பின்மூலைகளில் றப்பர் குமிழ் ஒட்டினால் காற்றோடும். கறையானும் கண்ணில் படும்.

கையெழுத்தை 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். புள்ளிகளாகவோ சீரான தட்டை மையாகவோ தெரிந்தால் அச்சு. பென்சில் என்றால், ரோச்சைச் சாய்த்துப் பிடிக்க மினுங்கும். ஆனால் படத்தில் புள்ளி கண்டதும் போலி என்று தள்ளிவிடாதீர்கள்: லிக்டென்ஸ்டைனின் 1963 ‘அழும் பெண்’ ஓப்செற் அச்சுத்தான் (பத்திரிகை, புத்தகம் அடிக்கும் இயந்திர முறை). மனிதர் புள்ளியாலேயே பெயர் எடுத்தவர்!